பிஸ்கட்டைத் தொடாத பூனைக்குட்டி: சுங்கை சிப்புட் தோட்ட வீடு ஒன்றில் 28 நாள்

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய செம்பனைத் தோட்டம். தகரக் கூரை போட்ட லயத்து வீடு. கணவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. மனைவி காலை 6.30-க்குத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகள் 1.45-க்கு வீடு திரும்புவாள். நாள் முழுக்க வீட்டில் இருப்பவர் பாட்டி ஒருவர்தான். முழங்கால் வலியால் அவருக்குக் குனிந்து நிமிர முடியாது. இந்த விவரங்களை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குட்டிக்கு எந்த உணவு என்பதைக் கடைசியில் முடிவு செய்ததில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

மழை பெய்த ஒரு மாலை, வீட்டுப் பின்புற லோங்காங் (கழிவுநீர்க் கால்வாய்) ஓரத்தில் மகள் கண்டெடுத்த பெண் குட்டி இது. தாய்ப்பூனையைக் காணவில்லை. பத்து நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு எங்கள் கால்நடை கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்து நாளில் கொடுத்தவை: காலையில் தண்ணீரில் கலக்கிய கெட்டிப்பால், மதியம் சோற்றில் பிசைந்த கெம்போங் மீன், இரவில் சூரை மீன் பாக்கெட். கிலோ 9 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய பூனை பிஸ்கட், அதாவது உலர் உணவு, ஒரு மங்கில் (கிண்ணத்தில்) எந்நேரமும் இருந்தது.

அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பிஸ்கட்டைத் தொட மாட்டேன் என்கிறது, டின் உணவுக்கு மாறினால் காசு கட்டாது, பட்டினி போட்டால் வழிக்கு வருமா?

முதல் நாள் கண்டது

எடை 640 கிராம். பால் பற்கள் எல்லாம் முளைத்திருந்தன. கண்ணின் நீலம் மாறத் தொடங்கியிருந்தது. வயது எட்டிலிருந்து ஒன்பது வாரம் என்று கணித்தோம். அந்த வயதுக்கு எடை குறைவு. விலா எலும்பு கைக்குத் தட்டியது, வயிறு மட்டும் உப்பியிருந்தது. மலத்தைப் பரிசோதித்ததில் உருண்டைப் புழுவின் முட்டைகள் தெரிந்தன.

உடல் வெப்பம் 38.6 டிகிரி, பூனைக்கு இது சரியான அளவுதான். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமோல் அரை மாத்திரை கொடுக்கலாமா என்று வீட்டில் யோசித்திருக்கிறார்கள். நல்லவேளை, கொடுக்கவில்லை. பூனையின் கல்லீரலால் அந்த மருந்தைச் சிதைக்க முடியாது. இந்த எடைக்கு அரை மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

இடது மூக்குத் துளையில் காய்ந்த சளி. இடையிடையே தும்மல். வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கின் நுனியில் கடுகளவு புண் ஒன்று. மூக்கடைப்பும் நாக்குப் புண்ணும் சேர்ந்து வந்தால் பூனைச் சளிக்காய்ச்சல் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பூனை வாசனையை வைத்துத்தான் சாப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. மூக்கு அடைத்துக்கொண்டால், எதிரே இருப்பது உணவு என்பதே அதற்குப் புரிவதில்லை. அதற்கு மேல் நாக்கில் புண்ணும் இருக்கும்போது கெட்டியான பிஸ்கட்டைக் கடிக்கச் சொல்வது நியாயமில்லை.

உணவையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். இதைச் செய்யாமல் “அடம் பிடிக்கிறது” என்ற புகாரை மட்டும் கேட்டு ஆலோசனை சொல்வதில் பயனில்லை.

பிஸ்கட் பெரிய மூட்டையிலிருந்து அள்ளி நெகிழிப் பையில் கட்டி விற்கப்பட்டது. அதில் லேபல் இல்லை, காலாவதி நாள் இல்லை, குட்டிக்கா பெரிய பூனைக்கா என்பதும் இல்லை. பையைப் பிரித்ததும் பழைய எண்ணெயின் சிக்கு வாடை எழுந்தது. விரல் நகத்தால் அழுத்தினால் நொறுங்க வேண்டியது, ரப்பர் போல அமுங்கியது. பிஸ்கட்டின் மேல் பூசிய கொழுப்பு, காற்றும் ஈரப்பதமும் பட்டால் கெட்டுவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு அதிக நாள் ஆகாது. அடைத்த மூக்கோடும் குட்டி அதை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

சூரை மீன் பாக்கெட்டின் சிக்கல் வேறு. முந்தின நாள் 80 கிராமில் 25 கிராம்தான் உள்ளே போயிருந்தது. அதிலும் குழம்பை நக்கிவிட்டு மீன் துண்டை விட்டுவிட்டது. லேபலில் அது துணை உணவு என்றே போட்டிருந்தது. மலாயில் முழு உணவு ‘லெங்காப்’, துணை உணவு ‘பெலெங்காப்’. முன்னால் ஒரு ‘பெ’ கூடினால் பொருளே மாறிவிடுகிறது. அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. துணை உணவை இடையிடையே ருசிக்காகக் கொடுக்கலாம். அதை மட்டுமே கொடுத்தால் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்தும் டாரின் என்ற அமினோ அமிலமும் போதாமல் போகலாம். டாரின் குறைந்தால் பூனையின் கண் விழித்திரை கெடும். இதயத் தசையும் தளர்ந்துவிடும் என்பது 1987-இல் உறுதியானது. வெறும் மீனும் சோறும் கொடுப்பதிலும் இதே குறைதான்.

கணக்கு

640 கிராம் குட்டி சும்மா படுத்திருந்தாலே நாளுக்குச் சுமார் 50 கலோரி செலவாகும். வளரும் குட்டிக்கு அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 125 கலோரி வேண்டும். பாக்கெட்டிலிருந்து அதற்குக் கிடைத்தது ஏறத்தாழ 15. மீதியைச் சோறும் பாலும் கொஞ்சம் ஈடுகட்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

அதே 125 கலோரியை, 100 கிராமுக்கு 95 கலோரி தரும் குட்டிகளுக்கான மசியல் டின் உணவில் கொடுத்தால் 130 கிராம் வேண்டும். அதில் 100 மில்லி தண்ணீரும் கூடவே போய்விடும். 100 கிராமுக்கு 380 கலோரி தரும் பிஸ்கட்டில் கொடுத்தால் 33 கிராம் போதும். ஆனால் அதில் தண்ணீர் 3 மில்லிதான். பூனை தானாகப் போய்த் தண்ணீர் குடிப்பதில் சோம்பேறி. ஈர உணவு, உலர் உணவு என்ற பேச்சில் நாங்கள் பெரிதாக மதிக்கும் வேறுபாடு இதுதான். பிஸ்கட் பல்லைச் சுத்தம் செய்யும் என்று பலர் சொல்வதுண்டு; சாதாரண பிஸ்கட்டுக்கு அந்தத் திறமை அவ்வளவாகக் கிடையாது.

முதல் முடிவு: சில நாளைக்கு ஈர உணவு மட்டும்

பட்டினி போடும் யோசனையை முதலிலேயே தடுத்தோம். இந்த அளவுக் குட்டி 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடலாம். பெரிய பூனையும் இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகலாம். “பசித்தால் தானாகத் தின்னும்” என்பது நாய்க்கு ஓரளவு பொருந்தலாம். பூனைக்கு அது ஆகாது.

மருத்துவர் எடைக்குக் கணக்கிட்டுக் குடற்பூச்சி மருந்து கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். புண்ணுக்கும் சளிக்கும் தனி மருந்து. தடுப்பூசியைத் தள்ளிவைத்தோம்.

உணவுக்குச் சொன்ன முறை:

குட்டிகளுக்கான முழு உணவு, மசியல் வகை, 400 கிராம் டின். நாளுக்கு ஐந்து வேளை. முதல் நாள் மொத்தம் 70 கிராம், பிறகு நாளுக்கு 20 கிராம் கூட்டி 130. ஒவ்வொரு வேளைக்கும் முன் உப்புநீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்து, காய்ந்த சளி ஊறியபின் எடுக்க வேண்டும். உணவைத் தட்டில் வைத்து, அந்தத் தட்டை வெந்நீர் ஊற்றிய மங்கின்மேல் நான்கைந்து நிமிடம் வைத்துக் கிளற வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. எலியின் உடல் சூடு அது. வாசனை எழும்புவதும் அந்தச் சூட்டில்தான். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் கொதிக்கும், இன்னோரிடம் குளிர்ந்திருக்கும்; நாக்கில் புண் உள்ள குட்டிக்கு அது வேண்டாத வேலை.

ஆழமான நெகிழி மங்கை எடுத்துவிட்டுத் தட்டையான பீங்கான் தட்டை வைக்கச் சொன்னோம். நெகிழியில் பழைய கொழுப்பு வாடை ஏறிவிட்டால் எத்தனை கழுவினாலும் போகாது. ஊசிக்குழாயில் ஊட்ட வேண்டாம் என்றோம். மூச்சுக்குழாயில் ஏறும் அபாயம் ஒரு பக்கம். வலுக்கட்டாயமாக வாயில் திணித்த உணவை அதன்பிறகு வாழ்நாள் முழுக்க வெறுக்கும் பூனைகளும் உண்டு. தேவையானால் முன்னங்காலில் ஒரு பொட்டுத் தடவினால் போதும். அது நக்கும்.

முதல் வாரத்தில் நடந்தது

முதல் இரண்டு நாள் கொடுத்ததில் பெரும்பகுதியைச் சாப்பிட்டது. மூன்றாம் நாள் தொடர்ந்து இரண்டு வேளை தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டி, மண் மூடுவது போல் செய்துவிட்டுப் போய்விட்டது. குடும்பம் பதறி அழைத்தது. விசாரித்ததில், அன்று ஷிப்ட் முடிந்து வந்த கணவர் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்திருக்கிறார். சூடாக்கி வைத்ததும் பத்து நிமிடத்தில் தட்டு காலி. நோய் திரும்பவில்லை, முறை எல்லாருக்கும் எட்டவில்லை.

ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு. அளவைக் கூட்டிய வேகம் காரணமாக இருக்கலாம் என்று ஒரு நாள் 100 கிராமுக்கு இறக்கினோம். நிற்கவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பாட்டி கட்டிலில் உட்கார்ந்தபடியே, எவர்சில்வர் மூடி ஒன்றில் கெட்டிப்பால் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குட்டி போர்வையைப் பிடித்து ஏறிவந்து குடித்துவிட்டு, அவர் மடியிலேயே தூங்கும்.

“பாட்டி, பால் குடுத்தா வயித்தால போகும்.”

“பால் குடிக்காத பூனை எங்கம்மா இருக்கு?”

வாதாடி வெல்லக்கூடிய கேள்வி இல்லை அது. தாய்ப்பாலை மறக்க மறக்கப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே வரும் என்பதும், பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, குடிப்பது கொழுப்புக்காக என்பதும் உண்மைதான். ஆனால் பாட்டிக்கு வேண்டியது மடியில் ஏறிவரும் குட்டி. ஆகவே ஐந்து வேளையில் காலை பத்து மணி வேளையை அவர் பொறுப்பில் விட்டோம். மகள் பள்ளிக்குப் போகுமுன் ஒரு பங்கைச் சின்ன டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் வைப்பாள். பாட்டி அதைக் கட்டிலருகே உள்ள முக்காலியில், பிளாஸ்க் வெந்நீரில் சூடாக்கி அங்கேயே வைப்பார்; குனிய வேண்டியதில்லை. பால் நின்றது. இரண்டு நாளில் மலம் கெட்டியானது.

எறும்பையும் சொல்லியாக வேண்டும். லயத்து வீட்டில் மீன் வாசனை வந்த ஐந்தாவது நிமிடம் எறும்புச் சாரை வந்துவிடும். எறும்பு மொய்த்த தட்டை இந்தக் குட்டி தொடவே தொடாது. மூக்கில் ஒரு கடி வாங்கினால் அந்த மூலைக்கே வராது. இதற்கான தீர்வு அந்த வீட்டிலேயே இருந்தது. பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் பழைய வழக்கம்தான். உணவுத் தட்டை அதைவிடப் பெரிய தட்டில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைத்தார்கள். தண்ணீரில் சோப்போ மருந்தோ கலக்கக்கூடாது என்பது மட்டும் எங்கள் சேர்ப்பு. குட்டி அதையும் குடிக்கும்.

நான்காம் நாள் எடை 655. ஏழாம் நாள் 700. புண் ஆறியிருந்தது, மூக்கு திறந்திருந்தது.

பிஸ்கட் ஏன் தேவைப்பட்டது

ஈர உணவிலேயே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். இரண்டு தடைகள் இருந்தன.

ஒன்று நேரம். பாட்டியின் பத்து மணி வேளை தவிர, காலை 6.30-லிருந்து 1.45 வரை தட்டு வைக்க ஆள் இல்லை. அந்தத் தகரக் கூரைக்குக் கீழ் நண்பகல் சூட்டில் ஈர உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. மேலே தோல் கட்டி, பிறகு புளித்த வாடை, பிறகு ஈ. பாட்டிக்கு உடம்பு முடியாத நாளில் அந்த வேளையும் தவறும்.

மற்றொன்று காசு. அவர்கள் வாங்கிய டின் 6 வெள்ளி. குட்டி ஒன்றரைக் கிலோ ஆகும்போது நாளுக்குச் சுமார் 237 கலோரி, அதாவது 250 கிராம் ஈர உணவு வேண்டும். மாதம் 112 வெள்ளி. அதே கலோரிக்குக் கிலோ 20 வெள்ளி விலையுள்ள குட்டி பிஸ்கட் 62 கிராம்; மாதம் 37 வெள்ளி. முதல் சம்பளத்தில் வாங்கி மூன்றாம் சம்பளத்தில் நிறுத்திவிடும் உணவை எழுதிக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

இதற்கு மேல் ஒரு காரணமும் உண்டு. குட்டிப் பருவத்தில் ஒரே பதத்தில் சாப்பிட்டு வளர்ந்த பூனை, பிற்பாடு வேறு பதத்தை உணவாகவே ஏற்காமல் போகலாம். ஆறு மாதத்துக்குள் இரண்டையும் பழக்கிவிடுவது நல்லது.

நாங்கள் செய்த தவறு

எட்டாம் நாள் பிஸ்கட்டை வெந்நீரில் ஊறவைத்து ஈர உணவோடு பிசையச் சொன்னோம். எல்லாரும் சொல்லும் முறைதான். முதல் வேளை பாதி போனது. அடுத்த வேளை மோந்துவிட்டு நகர்ந்தது. ஒன்பதாம் நாள் மாலைக்குள், எதுவும் கலக்காத ஈர உணவையும் சந்தேகத்தோடு பார்த்தது. எடை ஒன்பதாம் நாள் 735-இல் இருந்து பத்தாம் நாள் 725-க்கு இறங்கியது.

நடந்ததைப் பிரித்துப் பார்த்தால்: ஊறிய பிஸ்கட் அந்தச் சூட்டில் அரை மணியில் மாவுப் புளிப்பு அடித்தது. அதைவிடப் பெரிய பிழை, குட்டி நம்பிச் சாப்பிட்ட ஒரே உணவில் கொண்டுபோய் அதைக் கலந்தது. பிடிக்காததை மறைக்கப் போய், பிடித்ததையும் கெடுத்துக்கொண்டோம். உடனே கலப்பதை நிறுத்தி, இரண்டு நாள் ஈர உணவு மட்டும். பதினொன்றாம் நாள் எடை 730.

உருண்ட பிஸ்கட்

பன்னிரண்டாம் நாளிலிருந்து வேறு தட்டு. ஆலையில் முத்திரையிட்ட 500 கிராம் பை, குட்டிகளுக்கான சிறிய பிஸ்கட். காலை 5.45-க்கு, பசி மிகுந்திருக்கும்போது, ஐந்து பிஸ்கட்டை மட்டும் தனித் தட்டில் வைப்பது. 15 நிமிடம் கழித்து, தொட்டாலும் தொடாவிட்டாலும் ஈர உணவு வரும். ஒரு நாள் சாப்பிட்ட மொத்த அளவு பாதியாகக் குறைந்தால் பிஸ்கட் முயற்சியை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

முதல் நாள் தொடவில்லை. பதின்மூன்றாம் நாள் காலை, மகள் தட்டை வைக்கும்போது ஒரு பிஸ்கட் தவறி விழுந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. குட்டி பாய்ந்தது. முன்னங்காலால் தட்டியது, அலமாரிக்கு அடியில் போனதை இழுத்து வெளியே எடுத்தது, கவ்வியது. நறுக்கென்று ஒரு சத்தம். தானே அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுப் பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு, மறுபடியும் கவ்வித் தின்றது.

அதன்பிறகு மகள் தட்டில் வைக்கவில்லை, ஒன்றொன்றாக உருட்டிவிட்டாள். மூன்று நாளில் 20 பிஸ்கட், உருட்டத் தொடங்கிய ஐந்தாம் நாள் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றது. இதை நாங்கள் திட்டமிடவில்லை. ஆனால் ஓடுவதைத் துரத்திப் பிடிப்பதும் பூனைக்குப் பசியைத் தூண்டும் என்பதை முன்பே நினைத்திருக்க வேண்டும்.

28-ஆம் நாள்

எடைகள்: 14-ஆம் நாள் 790, 21-ஆம் நாள் 895, 28-ஆம் நாள் 1,005 கிராம். வாரத்துக்கு 100 கிராம் கூடினால் குட்டி நன்றாக வளர்கிறது என்று கொள்ளலாம். 14-ஆம் நாள் இரண்டாம் முறை பூச்சி மருந்து, 16-ஆம் நாள் முதல் தடுப்பூசி.

ஒரு கிலோ குட்டிக்கு 175 கலோரி. அதை இப்படிப் பங்கிட்டோம்: காலை 5.45, மதியம் 1.45, இரவு 9.30 ஆகிய மூன்று வேளைக்கு 35 கிராம் வீதம் சூடாக்கிய ஈர உணவு. மொத்தம் 100 கலோரி. நாள் முழுக்க 20 கிராம் பிஸ்கட், 76 கலோரி. காலை பத்து மணிக்கு அதிலிருந்து ஒரு பிடியைப் பாட்டி கட்டிலில் இருந்தபடியே உருட்டிவிடுகிறார். தண்ணீர்த் தட்டு இரண்டு, உணவிலிருந்து தள்ளி.

டின்னைத் திறந்த அன்றே 200 கிராமை மூடியுள்ள டப்பாவில் கீழ்த்தட்டிலும், மீதி 200 கிராமை இரண்டு சின்ன டப்பாவாக உறைபெட்டியிலும் வைக்கிறார்கள். திறந்த ஈர உணவு குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு, மிஞ்சினால் மூன்று நாள்தான் தாங்கும். ஒரு டின் அவர்களுக்கு நான்கு நாள் வருகிறது. பிஸ்கட்டை அதன் பையோடு பால்மாவு டின்னுக்குள் வைத்து மூடுகிறார்கள். பையிலிருந்து டின்னில் கொட்டக்கூடாது. பழைய கொழுப்பு டின்னின் சுவரில் தங்கிப் புதியதையும் கெடுக்கும். 500 கிராம் பை 25 நாளில் தீர்ந்துவிடும். மூட்டையாக வாங்கினால் மலிவு என்று கணவர் சொன்னார். ஒரு குட்டி தின்று முடிப்பதற்குள் அது மறுபடியும் சிக்கு வாடை அடிக்கும்.

மறுபடி செய்தால்

ஊறவைத்த பிஸ்கட்டைக் கலக்க மாட்டோம். தொடக்கத்திலிருந்தே தனித் தட்டு.

முதல் நாள் கிளினிக்குக்கு வந்த தாயிடமும் மகளிடமும் மட்டும் பேசினோம். தட்டில் கை வைப்பவர்கள் நான்கு பேர். எவ்வளவு, எந்தச் சூடு, எது கூடாது என்று ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தால், மூன்றாம் நாள் குழப்பமும் ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கும் நேர்ந்திருக்காது. அந்தத் தாள் பத்தாம் நாள்தான் ஒட்டப்பட்டது.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். புண், மூக்கடைப்பு, கெட்டுப்போன பிஸ்கட், வாடை பிடித்த மங்கு ஆகிய நான்கையும் ஒரே நாளில் சரிசெய்துவிட்டதால், குட்டி மறுத்ததற்கு எது முதல் காரணம் என்று இந்த நிகழ்வை வைத்துச் சொல்ல முடியாது. 640 கிராம் குட்டியிடம் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க அவகாசமும் இல்லை.

மூன்றரை மாதத்துக்கு மேல் பால் பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது சில நாள் பிஸ்கட்டை மறுபடியும் ஒதுக்கக்கூடும் என்று குடும்பத்திடம் சொல்லி வைத்திருக்கிறோம். அந்த நாட்களில் பிஸ்கட்டைக் குறைத்து ஈர உணவை அதே கலோரிக்குக் கூட்ட வேண்டும்: 10 கிராம் பிஸ்கட்டுக்கு 40 கிராம் டின். இந்தக் கணக்கும் அந்தத் தாளின் அடியில் எழுதப்பட்டிருக்கிறது.